பேதி மேட்டில் கேட்ட சொல்

திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு நான் பேதி மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கம்பெனி பஸ் வல்லம் வடகால் திருப்பத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ஏரிக்கரை மேல் பத்து நிமிட நடை. தோள்பையில் பதிவேடு, காய்ச்சல் பார்க்கும் கருவி, உப்புச்சர்க்கரைப் பொட்டலங்கள் முப்பது. கரையின் ஒரு பக்கம் ஆகாயத்தாமரை மூடிய ஏரி. மறுபக்கம் வண்டி உதிரிபாக ஆலையின் சுற்றுச்சுவர். உள்ளே பெரிய பிரஸ் ஒன்று தகடு அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் கரை லேசாக அதிர்ந்தது.

என் பெயர் செல்லக்கனி. ஊர் மணப்பாட்டுக்குப் பக்கம். ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம், விடுதிகளின் சுகாதாரப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்கிறேன். மாலையில் ஸ்ரீபெரும்புதூரில் சுகாதார ஆய்வாளர் வகுப்பு. பார்த்ததை அன்றன்றே நேரத்தோடு எழுதிவைக்க அங்கேதான் பழகினேன். இது அந்தக் குறிப்புகளிலிருந்து எடுத்தது. நிச்சயமில்லாத இடங்களில் நிச்சயமில்லை என்றே சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட இடங்கள் நான் விரும்புவதைவிட அதிகம்.

எங்கள் விடுதி தகரக் கூரை போட்ட புதுக் கட்டடம். ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த நூற்றெழுபது பேர் அதில் தங்கியிருந்தார்கள். அதற்குப் பின்னால், மேட்டின் உச்சியில், டி பிளாக் தனியாக நின்றது. அதை எங்கள் முதலாளி கட்டவில்லை. நிலத்தோடு வந்தது. செங்கல், சுண்ணாம்பு, முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர். ஒரே தாழ்வாரம், வரிசையாக ஆறு கதவுகள். தாழ்ப்பாள்கள் எல்லாம் வெளிப்பக்கம். உள்ளிருந்து போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. தானியக் கிடங்காக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

தானியத்துக்கு எதற்குத் தலை மட்டத்தில் காற்றுத் துளைகள் என்று அன்று யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் அங்கே ஒன்பது பேரை வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. முதல் நான்கு அறைகளில் இரண்டிரண்டு பேர். ஐந்தாம் அறையில் லக்கன் மட்டும். ஆறாம் அறை காலி.

லக்கன் ஹெம்ப்ரமை எனக்கு ஆறு மாதமாகத் தெரியும். பிரஸ் லைனில் வேலை, வயது இருபத்திரண்டு. இங்கே வருவதற்கு முன் தடாவுக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் இரண்டு வருடம் இருந்தவன். இந்த ஊர்த் தமிழை என்னைவிட நன்றாகப் பேசுவான். நான் "வாராவ, போறாவ" என்று சொன்னால், "இன்னா மேடம், இது எந்த ஊரு பாஷை?" என்று சிரிப்பான். சனிக்கிழமை மாலை அவன் தாகம் தாங்காமல் மெயின் ரோட்டு டீக்கடைக்குப் போய் சோடா கேட்டிருக்கிறான். கடை வாசலிலேயே வாந்தி எடுத்துவிட்டான். ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அடித்து, விடுதி வாசல் வரை துரத்திக்கொண்டு வந்தார்கள். அன்று இரவே ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போய்விட்டது: வடக்கனுங்க நோய் கொண்டாந்துட்டானுங்க, பிள்ளைகளை வெளியே விடாதீங்க.

அதனால்தான் கதவுகளை வெளியே தாழிட்டது என்று சங்கரநாராயணன் அண்ணாச்சி எனக்கு விளக்கினார். அவர்தான் விடுதி மேலாளர். ஆறுமுகநேரிக்காரர். எனக்கு இந்த வேலை வாங்கித் தந்தவர். பதிவேட்டில் என்ன எழுதலாம், என்ன எழுதக்கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார்.

"வாந்திபேதின்னு மட்டும் எழுதிராத பிள்ள. வயித்துக் கோளாறுன்னு போடு. அதையும் இங்கன வச்சிக்க, மேல அனுப்பாத."

தினமும் ஐந்து மணிக்கு, எத்தனை பேருக்கு நோய் என்று சுகாதார அலுவலகத்துக்குக் கைபேசியில் ஓர் எண் அனுப்ப வேண்டும். அன்று நான் அனுப்பிய எண் பூஜ்யம்.

அதற்கு முன், மூன்று பத்துக்கு, உப்புச்சர்க்கரை கரைத்த தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு டி பிளாக் தாழ்வாரத்தில் நுழைந்தேன். பிளீச்சிங் பவுடர் நெடி. அதற்கு அடியில் இன்னொரு வாசனை, அரிசி கழுவிய நீர் இரண்டு நாள் நின்றதைப் போல. வகுப்பில் அந்த வாசனைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். முதல் கதவைத் திறந்து ஆளுக்கு ஒரு சொம்பு கொடுத்தேன். இரண்டாவது. மூன்றாவது. தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, தாழ்வாரத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நில்லு."

நின்றேன்.

மிரட்டும் குரல் இல்லை. தொண்டையில் மணல் இருப்பதைப் போல உலர்ந்த குரல். ஆணா பெண்ணா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. மறுபடியும், கொஞ்சம் தள்ளி, வேறொரு குரல்.

"நில்லு... நில்லு."

நோய் ஒட்டிவிடும், கிட்டே வராதே என்று யாரோ நல்ல எண்ணத்தில் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. கேனை மூன்றாம் கதவோரம் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நான்காம் அறைக்கும் ஐந்தாம் அறைக்கும் வேறு யாராவது கொடுப்பார்கள்.

யார் கொடுப்பார்கள் என்று என்னை நானே கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கே போனேன். கேன் வைத்த இடத்திலேயே இருந்தது. யாரும் தொடவில்லை. இந்த முறை கடைசியிலிருந்து ஆரம்பித்தேன். ஒருவேளை எனக்கு வெட்கமாக இருந்திருக்கலாம். குரல் கேட்கவில்லை. ஐந்தாம் கதவைத் திறந்தேன்.

லக்கன் சுவரோரம் சுருண்டு கிடந்தான். கண்கள் உள்ளே போயிருந்தன. விரல் நுனிகள், நாள் முழுக்கத் துணி துவைத்தவளின் விரல்களைப் போலச் சுருங்கி வெளுத்திருந்தன. புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தேன். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது.

ஒரு பெரிய ஜக்கை நிரப்பி வைத்தேன். ஒரு சொம்பு குடித்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

"ஆஸ்பத்திரி மேடம். இன்னிக்கே."

ஏற்பாடு செய்கிறேன் என்றேன். நேற்று நீதான் நில்லு என்று சொன்னாயா என்று கேட்டேன்.

"நான் இல்ல. பக்கத்து ரூம்."

ஆறாம் அறை காலி என்றேன்.

"காலி இல்ல மேடம். நெறய பேரு கீறாங்க." கண்ணை மூடிக்கொண்டான். "பாவம். அவங்களுக்கும் குடு."

நீர் வற்றினால் மனம் பிசகும் என்று வகுப்பில் படித்திருந்தேன். குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதினேன்: நோயாளி குழப்பத்தில் பேசுகிறார்.

வெளியே வந்து, விடுதித் தொட்டியில் லாரி கொட்டிவிட்டுப் போயிருந்த தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்து மருந்து சொட்டிப் பார்த்தேன். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். ஆகவில்லை. மூன்று தடவை பார்த்தேன். லாரி ஊர் வார்டு உறுப்பினருடையது. ஏரியிலிருந்து அப்படியே உறிஞ்சிக் கொண்டுவருகிறது. அதே லாரிதான் ஊர்த் தெருக்களுக்கும் போகிறது. நோய் ரயிலில் வரவில்லை. வாரத்தில் ஆறு நாள் இந்த ஏரியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

பதிவேட்டில் எழுதினேன்: சந்தேகத்துக்குரிய வாந்திபேதி, ஒன்பது. ஒருவர் நிலை மோசம்.

அண்ணாச்சி அதை நின்றபடியே படித்தார். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். உள்ளாட்சித் தேர்தல் வருகிறது, ஊர்க்காரர்கள் வடக்கத்தியரைக் காலி செய்யச் சொல்லி மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், நீ இந்த எண்ணை அனுப்பினால் நாளை விடுதிக்குச் சீல், நாளன்றைக்குச் சாலை மறியல், அதற்கடுத்த நாள் நமக்கு வேலை இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தண்ணீர் லாரியைப் பற்றி நான் சொன்னதும் தலையை ஆட்டினார். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

"நாம வந்த புதுசுல தெக்கத்தியானுக்கு ரூம் கிடையாதுன்னு இங்கன போர்டே வச்சிருந்தாம் பிள்ள. எம்பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு லாட்ஜ் லாட்ஜா அலைஞ்சேன். இப்ப இவனுவ கோவம் வேற பக்கம் திரும்பியிருக்கு. அது அங்கனயே இருக்கட்டும். நீ போடுத நம்பர்ல அதை நம்ம பக்கம் திருப்பி விட்டுராத."

நாளை மாலை வேன் வரும், ஒன்பது பேரையும் தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன், இது என் பொறுப்பு என்றார்.

நான் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அவர் கிழிக்கச் சொல்லவில்லை.

அனுப்பிய எண், பூஜ்யம்.

புதன்கிழமை காலை பதினொன்றுக்கு யாரும் எதிர்பாராமல் ஒரு சுகாதார மேற்பார்வையாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். ஊரில் இரண்டு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, அதனால் விசாரிக்க வந்ததாகச் சொன்னார். நடுத்தர வயது, பொறுமையான மனிதர். விடுதியில் இருந்தவர்களை வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொருவர் நாக்கையும் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டினார். பிறகு நேராக என்னிடம் கேட்டார்.

"வேற யாராவது இருக்காங்களாம்மா?"

மேட்டுப் பக்கமிருந்து சத்தம் வந்தது. தட். தட். கொஞ்சம் இடைவெளி. தட்.

மரக்கதவில் உள்ளங்கையால் அடிக்கும் சத்தம். ஆலையின் பிரஸ் அடிக்கும்போது தரை அதிரும். இப்போது அதிரவில்லை. அது எனக்குத் தெரியும்.

"அது என்ன சத்தம்?" என்றார் அவர்.

"பிரஸ் ஓடுது சார்" என்றார் அண்ணாச்சி.

மேற்பார்வையாளர் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் பேனா திறந்தபடி இருந்தது. நான் ஒரு எண்ணைச் சொன்னால் போதும், அவர் எழுதிவிடுவார். மேட்டுக்கு நடந்து போக மூன்று நிமிடம்.

"இல்ல சார்" என்றேன்.

அவர் கிளம்பிப் போனபோது மணி பதினொன்று முப்பத்தைந்து. தட்டல் பன்னிரண்டு வரைக்கும் இருந்தது என்று குறித்திருக்கிறேன். ஐந்து நிமிடம் முன்பின்னாக இருக்கலாம்.

அதன் பிறகு கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு நான்கு ஜக்குகளைத் தூக்கிக்கொண்டு மேடேறினேன். வெயிலில் தலை சுற்றியது. தாழ்வாரத்துக்குள் கால் வைத்ததும் குளிர்ந்தது. ஈரச் சுண்ணாம்பின் வாசனை.

"நில்லு."

ஒரு குரல் இல்லை. ஆறாம் அறையிலிருந்து மட்டும் இல்லை. சுவருக்குள்ளிருந்து, தரைக்கு அடியிலிருந்து, காற்றுத் துளைகளிலிருந்து, மெதுவாக, ஒன்றன்மேல் ஒன்றாக.

"நில்லு. நில்லு. நில்லு."

குழந்தைக் குரல்களும் இருந்தன.

ஐந்தாம் கதவுக்கு இன்னும் பன்னிரண்டு அடி. நான் ஒரு அடி வைத்தால் குரல்கள் கூடின. நின்றால் அவையும் காத்திருந்தன. என் கையிலிருந்த ஜக்கில் தண்ணீர் தளும்பியது. அந்தத் தளும்பல் சத்தம் கேட்டதும், அத்தனை குரல்களும் ஒரே மூச்சாக இழுத்தன.

ஜக்குகளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

வேலி வாசலில் கோவிந்தம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். விடுதிச் சமையல்காரி. உள்ளூர். நாற்பது வயது இருக்கும். ஒன்பது பேர் சோற்றையும் வேலி ஓரம் வைத்துவிட்டுப் போவாள். உள்ளே ஒரு நாளும் வந்ததில்லை.

"இன்னாமா, மூஞ்சி இப்டி வெளுத்துக் கீது?"

நில்லு என்று யாரோ சொல்கிறார்கள், பல பேர், என்னைப் போகவிடாமல் தடுக்கிறார்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. சிரித்தாள்.

"நில்லு இல்லமா அது. நீள்ளு. தெலுங்கு. தண்ணி கேக்குதுங்க."

எங்கள் ஊர்ப் பக்கம் தெலுங்கு பேசுபவர்கள் யாரையும் நான் அறிந்ததில்லை. அந்தச் சொல்லை முதல் முறையாகக் கேட்கிறேன். நாக்கு காய்ந்தவர்கள் சொன்னால் நெடில் குறுகிவிடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

யார் என்று கேட்டேன். கருகிய சட்டியைச் சுரண்டிக்கொண்டே அவள் சொன்னாள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால், தாது வருஷப் பஞ்சத்தில் கடப்பா பக்கத்திலிருந்தும் நெல்லூர் பக்கத்திலிருந்தும் கூட்டம் கூட்டமாகச் சனங்கள் பட்டணத்துக்கு நடந்து வந்தார்களாம். பட்டணத்தில் சேர்க்கவில்லை. இங்கே ரோட்டுக்குக் கல் உடைக்க அனுப்பினார்கள். இந்த ஏரித் தண்ணீரைக் குடித்து அவர்களுக்கு வாந்திபேதி கண்டது. வடக்கேயிருந்து நோயைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று ஊர் கொதித்தது. சர்க்கார் இந்தக் கொட்டாயைக் கட்டி உள்ளே போட்டுத் தாழிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு ஊருக்கு.

"ஊத்தலையா?"

"ஊத்தினா பின்னாலயே வூட்டுக்கு வந்துடுவாங்கன்னு பயம். இன்னிக்கும் அதான்மா. நாங்க இந்தப் பக்கம் போனா, காதுல வாங்காத மாரி வந்துடுவோம்."

"ஊத்தாம விட்டது உயிரோட இருந்தவங்களுக்கா, செத்தவங்களுக்கா?"

கோவிந்தம்மா சட்டியைக் கவிழ்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்." பிறகு ஏதோ வேடிக்கை ஞாபகம் வந்தவளைப் போலச் சொன்னாள்: "எங்க ஊரு மணியக்காரரு ஒரு பொணத்தையும் கணக்குல காட்டலியாம். எல்லாம் ஓடிப்போச்சுன்னு எழிதிக் குடுத்துட்டாரு."

நான் திரும்பி மேட்டை நோக்கி ஓடினேன். இரண்டு இருபத்தைந்து.

தாழ்வாரம் அமைதியாக இருந்தது. ஜக்குகள் கவிழ்ந்து கிடந்தன. கொட்டிய தண்ணீரின் ஈரம் தரையில் இல்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை.

ஐந்தாம் தாழ்ப்பாளைத் தள்ளினேன்.

லக்கன் கதவருகே இல்லை. பக்கச் சுவரோரம், ஆறாம் அறைப் பக்கம், பக்கவாட்டில் படுத்திருந்தான். கண் திறந்திருந்தது. கழுத்தைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. சுவரின் அடியில் ஒரு செங்கல் இல்லாத ஓட்டை. செவ்வாய்க்கிழமை நான் நிரப்பிக் கொடுத்த ஜக்கு அந்த ஓட்டையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வாய் அந்தப் பக்கம். அடி இந்தப் பக்கம். அதைச் சாய்த்துப் பிடித்திருந்த கை இன்னும் பிடியை விடவில்லை.

அவன் ஆந்திராவில் இரண்டு வருடம் இருந்தவன். அவனுக்கு அந்தச் சொல் தெரியும்.

ஒரு சொம்பு குடித்தான். மீதி ஏழெட்டுச் சொம்பை அவன் குடிக்கவில்லை.

முழங்காலிட்டு ஓட்டையில் கண் வைத்தேன். இருட்டு. ஈர மண் வாசனை.

பிறகு விழுங்கும் சத்தம் கேட்டது.

ஒரு தொண்டை.

பல தொண்டைகள்.

மிக அருகில், என் கன்னத்தில் மூச்சுப் படும் தூரத்தில்.

அதன்பின் நடந்ததை நான் சரியான வரிசையில் சொல்கிறேனா என்று தெரியவில்லை. அண்ணாச்சி வந்தார். ஆறாம் அறையைத் திறக்கச் சொல்லிக் கத்தினேனாம். துருவேறிய தாழ்ப்பாளைக் கம்பியால் நெம்பித் திறந்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை. முழங்கால் உயரத்துக்கு ஒட்டடை. காய்ந்த தரை. ஐந்தாம் அறைப் பக்கச் சுவரில் பழைய சுண்ணாம்புப் பூச்சு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அந்தப் பக்கம் ஓட்டையே இல்லை.

அண்ணாச்சி பதிவேட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

"ஓடிப்போயிட்டான்னு எழுது."

எழுதினேன். என் கையெழுத்து வழக்கம்போலத்தான் இருக்கிறது.

சொன்னபடி வேன் மாலையில் வந்தது. எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேராகச் சென்ட்ரலுக்குப் போனது. எத்தனை பேர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை ஏரிக்கரையில் ஒரு பொக்லைன் முழுப் பகலும் மண் அள்ளிக்கொண்டிருந்தது. என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அண்ணாச்சி மேசை இழுப்பறையில் லக்கனின் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் "மா" என்று வந்தது. மூன்றாம் நாள் சார்ஜ் தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை ஊரில் பதினான்கு பேருக்கு வாந்திபேதி. ஊர்க்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். சனிக்கிழமை விடுதியைக் காலி செய்து மீதி நூற்றறுபத்தொரு பேரையும் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். பஸ்கள் நகர்ந்தபோது சிலர் கை தட்டினார்கள். வார்டு உறுப்பினரின் லாரி அன்று மாலையும் தண்ணீர் ஊற்றியது. கூடுதலாக ஒரு நடை.

ஞாயிற்றுக்கிழமை நான் அறையில் இருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடி. நானும் பாண்டிச்செல்வியும் சேர்ந்து எடுத்திருக்கிறோம். அவள் தூத்துக்குடிக்காரி. கண்ணாடி ஆலையில் நைட் ஷிப்ட், அதனால் பகலில் தூங்குவாள். பேதி மேட்டைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மதியம் மூன்று மணி. நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். வியாழக்கிழமையிலிருந்து பஞ்சோடுதான் இருக்கிறேன். யாரோ என் தோளை உலுக்கினார்கள். பஞ்சை எடுத்தேன். பாண்டிச்செல்வி, தூக்கக் கலக்கத்தோடு, கையில் வெறும் டம்ளர்.

"உனக்கு என்னட்டி காது அடைச்சிட்டா? வாசல்ல ஒருத்தன் எவ்வளவு நேரமா தண்ணி கேக்கான். கல்லு மாதிரி உக்காந்திருக்க."

நான் புத்தகத்தை மூடினேன்.

"நானே போய்க் குடுத்தேன். நல்ல பையன்தான். இந்த ஊரு பாஷை பேசுதான். எனக்கு வேணாம், இவங்களுக்குக் குடுங்கன்னுட்டான்."

யாருக்கு என்று கேட்டேன். கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே குடத்தை நோக்கிப் போனாள். கதவை அவள் சாத்தவில்லை.

"மாடிப்படி முழுக்க ஆளா இருக்குட்டி. கீழ தெரு வரைக்கும் நிக்காவ. சின்னப் பிள்ளையளும் இருக்கு. வந்து குடத்தை ஒரு கை பிடி."